மனிதர் அருந்தத் தகுதியற்றது

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆலடித்தோப்பு பிச்சையா வீட்டில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

கைவைத்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் கோயில் நிர்வாகி ஆவுடையப்பன். அவருக்கு எதிரே, பருத்திக்கொட்டை மூட்டையின்மேல், பிச்சையாவின் சித்தப்பா மகன் மாடக்கண்ணு. தொழுவுக்குப் போகும் பின்வாசல் நிலையில் சாய்ந்தபடி, குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்த பிச்சையா. அடுப்படி வாசலில் அரிவாள்மனையைப் போட்டு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி மூக்கம்மாள். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, மடியில் தலையணையும் அதன்மேல் பரீட்சை அட்டையுமாக நான். பிச்சையாவின் மருமகன் லிங்கேஸ்வரன் மட்டும் வீட்டுக்குள் இல்லை. வாசலில் நிறுத்திய பைக்கின்மேல், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் ஆயுதப்படையில் போலீஸ்காரர்.

“என்னைய அதுல எழுதிராதீங்க சார். நான் இங்கன இல்ல” என்றார், திரும்பாமலே.

“வந்திருக்கீங்களே?”

“மழைக்கு ஒதுங்கியிருக்கேன்.”

மழைக்கு ஒதுங்கியவர் மழையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனி மாதச் சாரல். மலை மூன்று நாளாகக் கண்ணில் படவில்லை. வீட்டுச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது.

கூடியதற்குக் காரணம் பாளையங்கோட்டையில் இருக்கும் புது வக்கீல் உமாராணி போட்ட உத்தரவு. பிச்சையாவுக்கு ஆறு மாதம் ஜெயில் என்று தென்காசிக் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் வெளியே விட்டிருந்தார்கள். அதில் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் இந்த வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் வக்கீலம்மாவுக்கு நாற்பதுக்குமேல் போன் போயிருக்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்திருக்கிறார். “இனி எவரும் போன் பண்ணக்கூடாது. நடந்ததை எல்லாரும் உக்காந்து பேசி, ஒரே கடிதமா எழுதி, பிச்சையா கையெழுத்தோட தபால்ல அனுப்புங்க. அதை வச்சுத்தான் மனுத் தயார் பண்ணுவேன்” என்று சொல்லிவிட்டார். தாலுகா ஆபீஸ் எதிரே இருபத்தாறு வருடமாக மனு எழுதுகிறவன் என்பதால் என்னைக் கூட்டி வந்திருந்தார்கள்.

அனுப்புநர், பெறுநர், பொருள் மூன்றையும் எழுதி முடித்தேன். அதுவரை ஒரு தகராறும் இல்லை.

“சரி, முதல் பத்தி. நடந்தது என்ன?” என்று கேட்டேன்.

“‘நான் காய்ச்சவே இல்ல’ன்னு மாமா சொன்னதா எழுதுங்க” என்றது தெருவாசல் பைக்கிலிருந்து ஒரு குரல்.

“எழுதப்படாது” என்றார் ஆவுடையப்பன்.

இங்கேதான் வண்டி பத்தொன்பது நாளாகச் சேற்றில் நின்றது. ஆலடித்தோப்பில் ஆடிக் கடைசி வெள்ளி சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. ஆட்டுக்கறி, சுருட்டு இவற்றோடு மூன்று பாட்டில் சாராயமும் படைப்பில் உண்டு. மாடனுக்குக் கடைச் சரக்கு ஆகாது. பிச்சையா குடும்பத்தார்தான் ஒரு வேளை உபவாசம் இருந்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, ஈரத்துணியோடு கொண்டுபோய் வைக்க வேண்டும். அது அவர்கள் உரிமை. சர்க்காருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் சட்டத்தில் மாடனுக்கென்று தனி விலக்கு கிடையாது.

போன ஆடியில் கொடைக்கு மூன்று நாள் முன்னால் போலீஸ் ஜீப் வந்தது. பிச்சையா அப்போது வீட்டில் இல்லை. குற்றாலச் சீசனில் அவருக்கு ஐந்தருவியில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை. மாலையில் கை முழுக்க நல்லெண்ணெயோடு வந்தவரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அங்கே மேசைமேல் ஒரு கேன், வாய் கட்டி, அரக்கு முத்திரை வைத்துத் தயாராக இருந்தது. பதினைந்து நாள் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். கொடைக்கு அவர் இல்லை. மூன்று பாட்டிலையும் மூக்கம்மாள்தான் மாடன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். போலீஸ் வருவதற்கு முன்பே அதே சரக்கில் கொஞ்சம் எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று ஊரே மெச்சியது.

வழக்கு நடந்தது. எதைக் கேட்டாலும் ‘பொய்’ என்று சொல்லும்படி அப்போதிருந்த வக்கீல் பிச்சையாவுக்குப் பாடம் சொல்லியிருந்தார். அவரும் ஏழு கேள்விக்குப் பொய், பொய் என்று அழகாகச் சொன்னார். எட்டாவதாக நீதிபதி, “கைப்பற்றிய திரவம் புளித்துக் கெட்டுப்போனது, மனிதர் அருந்தத் தகுதியற்றது என்று சோதனை அறிக்கை சொல்கிறது. என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். பிச்சையாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

“ஐயா, மத்ததெல்லாம் பொய்யி. ஆனா என் சரக்கு கெட்டுப்போனதுன்னு சொல்லுதது பெரும் பாவம். எங்க தாத்தன் காலத்துல இருந்து ஒரு சொட்டு கெட்டதில்ல” என்றார்.

பழைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், தீர்ப்பு முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

“காய்ச்சலன்னு எழுதினா, போன கொடைக்கு மாடனுக்கு வச்சது என்னன்னு ஊரு கேக்கும். நான் என்ன பதில் சொல்ல?” என்றார் ஆவுடையப்பன்.

“காய்ச்சினேன்னு எழுதினா ஜெயிலு” என்றார் லிங்கேஸ்வரன் தெருவிடம்.

“ஜெயிலு ஆறு மாசம். சாமிக் குத்தம் ஏழு தலைமொற. தீர்ப்ப நானே வாசிச்சேன் வே. கெட்டுப்போனதுன்னுல்லா போட்டிருக்கு? அதே சரக்கத்தான மாடனுக்கும் வச்சிருக்கோம்? கொடை முடிஞ்சு சாமியாடிக்கு ரெண்டு நாளு வயித்தால போச்சு. எனக்கு அப்பவே ஒரு இது” என்றார் ஆவுடையப்பன்.

“சாமியாடிக்கு வயித்தால போனது கறியால. ஒண்ணரைக் கிலோ தனியாத் தின்னா மாடனுக்கே போவும்” என்றார் மூக்கம்மாள், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாடக்கண்ணு மூட்டையில் நகர்ந்து உட்கார்ந்தான். “அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நீ பாட்டுக்கு உள்ள போயிட்டு வா. இந்தத் தடவ படைப்ப நான் பாத்துக்கிடுதேன். நானும் அதே ரத்தந்தான?”

“நீ என்னத்தலே பாப்ப? உனக்கு வெந்நி வச்சாலே அடிப்பிடிச்சுப்போவும்.”

“என் வெந்நியக் கெட்டுப்போனதுன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல.”

பிச்சையா நிலையை விட்டு எழுந்தார். மூக்கம்மாள் உடனே அவித்த கப்பக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்த் துவையலையும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரத் தின்றார்கள். லிங்கேஸ்வரனுக்கு ஒரு தட்டு வாசலுக்குப் போனது. இல்லாதவர் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் சொல்வது ஒத்துவராவிட்டால் காகிதத்தைக் கேட்பேன். கோர்ட்டில் கொடுத்த நகல்கள் எங்கே என்றேன். ரேஷன் கார்டு இருந்த மஞ்சப்பையிலிருந்து வந்தன. ஒரு வருடமாக மடிப்புக்கூடக் கலையவில்லை. அதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே! நான் மகசரை எடுத்து வரிவரியாக வாசித்தேன். மகசர் என்பது, போலீஸ் எந்த இடத்தில் எதை எடுத்தது என்று அங்கேயே எழுதுகிற பட்டியல்.

“‘அடுப்படியை ஒட்டிய கூரையின்கீழ், சுமார் பதினைந்து லிட்டர் கொள்ளும் வெள்ளை நிற பிளாஸ்டிக் கேன் ஒன்று, கைப்பிடி உடைந்தது...’”

“என்ன கலரு?” என்றார் பிச்சையா.

“வெள்ளை.”

“என் கேனு பச்சைக் கேனுல்லா? கைப்பிடி உடையாது, உடைஞ்சதுல ஊத்தவும் மாட்டேன்.”

“ஸ்டேஷன்ல பாத்தீரே?” என்றேன்.

“சாக்குல சுத்தி, அரக்கு வச்சுல்லா இருந்தது! கேனுன்னு சொன்னாங்க. என் கேனுன்னு நெனச்சேன்.”

மேலே வாசித்தேன். “‘மூடிக்குப் பதிலாகத் துணி கட்டப்பட்டது. உள்ளே நுரைத்துப் பொங்கிய நிலையில் கலங்கிய திரவம். அதில் ரம்புட்டான் தோல்கள், பலாச்சக்கை, சோற்றுப் பருக்கைகள்...’”

“சோறா?”

“‘...வைக்கோல் துண்டுகள் ஆகியன மிதந்தன.’”

“வைக்கோலா!” பிச்சையாவின் சத்தத்துக்குத் தொழுவில் மாடு பதில் கொடுத்தது. “ஏ, என் சரக்குல வைக்கோலா? எவன்யா எழுதினது? நான் மூணு மடிப்புத் துணியில வடிகட்டுதவன். மாடன் தொண்டையில வைக்கோல் சிக்குனா...”

அடுப்படி வாசலில் முருங்கைக்காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. காகிதத்தில் வைக்கோல் வந்த இடத்திலேயே அது நின்றுவிட்டது. நான் மூக்கம்மாளைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள்.

“ஏம்மா?” என்றேன்.

“இதச் சொல்லத்தான் வக்கீலம்மாவுக்கு மூணு தடவ போன் போட்டேன்” என்றார் மூக்கம்மாள். “மூணு தடவயும் இந்த மனுசன் வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு. மழை எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வச்சிட்டேன். அது நம்ம செவலை மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணி.”

“எது?”

“போலீஸ்காரவுக தூக்கிட்டுப் போனது. குத்தாலத்துல பழக்கடைக்காரவுக தள்ளுத அழுகல் பழம் இருக்குல்லா, ரம்புட்டானு, மாம்பழம், சக்கை. அத அள்ளியாந்து பழைய சோத்தோட கேன்ல கரைச்சு வைப்பேன். அந்த வாரம் மூணு நாளாச் சாரலு. மாட்டுக்குச் சளி, கழனியத் தொடல. கெடந்து பொங்கி நுரைதள்ளிட்டு. அன்னைக்குக் கடைக்காரப் பொம்பள போன் போட்டா, ஜீப்பு முக்குல திரும்புதுன்னு. நான் உடனே பச்சைக் கேன...”

வாசலில் லிங்கேஸ்வரன் பைக் ஹாரனை அமுக்கினார். விடாமல் அமுக்கினார். மூக்கம்மாளின் வாய் அசைவதையும், பச்சைக் கேன் போன திசையைக் கை காட்டுவதையும் நாங்கள் பார்த்தோம். தெருநாய் இரண்டு வந்து நின்றன. ஹாரன் ஓய்ந்தது.

“முடிஞ்சிட்டா அத்தை?” என்றார் மருமகன்.

“முடிஞ்சிட்டு மாப்ள. அதுல இருந்துதான் மாடனுக்கு மூணு பாட்டிலு வச்சேன். துளி குறையல, கெடல. ஜீப்பு ஆளுக உள்ள வந்து மோந்து மோந்து போயி, கழனிக்கிட்ட நின்னுட்டாக. ‘இதான்யா சாராய ஊறலு’ன்னாரு ஒருத்தரு. இல்லன்னு சொன்னா வேற எதையும் தேடுவாகளோன்னு நான் வாயத் தொறக்கல.”

ஆவுடையப்பன் நாற்காலியின் கையைத் தட்டினார். “அப்போ மாடனுக்கு வச்சது நல்லது!”

“நல்லது.”

“கெட்டுப்போனது மாட்டுக் கழனி!”

லிங்கேஸ்வரன் முதல் முறையாக முகத்தை உள்ளே நீட்டினார். “சார், எழுதுங்க! புடிச்சது கழனி. மாமா காய்ச்சினதே கிடையாது. உள்ள இருந்த வைக்கோலே சாட்சி. இதுல பொய்யே இல்ல பாத்தீங்களா!”

பேனாவை எடுத்தேன். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக ஊரும் சட்டமும் ஒரே வரியில் வந்து நின்றன. ஆனால் பிச்சையா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் மாடக்கண்ணு சிரிக்கத் தொடங்கினான். முதலில் மூட்டை குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. “அண்ணே... கோர்ட்டுல... நூறு பேருக்கு முன்ன... ‘எங்க தாத்தன் காலத்துல இருந்து ஒரு சொட்டு கெட்டதில்ல’... மாட்டுக் கழனிய!”

“சிரிக்காதலே.”

“கழனிக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு என்ன அண்ணாச்சி உரிமை? நீங்களே சொல்லுங்க.”

ஆவுடையப்பன் தாடையைத் தடவினார். அதைப் பிச்சையா பார்த்துவிட்டார்.

“சார், எழுதவேண்டாம்” என்றார் என்னிடம். “நான் ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வாரேன்.”

“என்ன வே சொல்லுதீரு?” என்றார் ஆவுடையப்பன்.

“காய்ச்சினான், மாட்டினான், உள்ள போனான்னா அது ஒரு கணக்குல சேரும். எங்க அப்பாவும் போயிருக்காரு, தாத்தனும் போயிருக்காரு. மாட்டுக் கழனிய என் சரக்குன்னு சொல்லிக்கிட்டவன்னு நாளைக்கு ஐந்தருவியில ஒருத்தன் முதுக நீட்டுவானா? வெளிய இருந்து நான் என்ன செய்ய?”

மூக்கம்மாள் அரிவாள்மனையை மடக்கி எழுந்தார்.

“இதுக்குத்தான் ஒரு வருசமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். கோர்ட்டுல என் சரக்குன்னு நெஞ்ச நிமித்திட்டு நின்னாரு. பின்னால இருந்து நான் எந்திரிச்சு, அய்யா அது செவலை குடிக்கதுன்னு சொல்லணுமா? கட்டுன புருசன் மூஞ்சியில கரி பூசவா? சும்மா எச்சரிச்சு விட்ருவாகன்னு இருந்தேன். ஆறு மாசம்னு போடுவாகன்னு கண்டேனா? ஏங்க, இங்கன பாரும். உமக்கு மானந்தான் பெருசுன்னா, உள்ள இருக்கதுக்கும் சேத்து ஒரு யோசன சொல்லும். சீசனு போச்சு, கொடை போச்சு, படைப்பு மாடக்கண்ணு கைக்குப் போவும். இவன் வைக்கதக் குடிச்சா மாடன் ஊர விட்டே போயிருவான்.”

“மதினி!” என்றான் மாடக்கண்ணு.

“நீ கெட.”

பிச்சையா சுவரோடு பேசினார். “மூடியத் தொறந்திருந்தா எனக்குத் தெரியாதா? பத்தடி தூரத்துல சொல்லிருவேன். கருப்பட்டி எந்த ஊருன்னே சொல்லுவேன். அரக்கு வச்சுல்லா காட்டுனானுக...”

“நில்லும்” என்றேன். “கேனைத் திறந்து உம்ம மூக்குக்குக் காட்டவே இல்லையா?”

“இல்ல.”

“கோர்ட்டில்?”

“கோர்ட்டுல கேனே இல்ல. அழிச்சாச்சுன்னாங்க. சாம்பிளுன்னு இத்தினிக்காண்டு பாட்டிலு காட்டுனாங்க, அதுக்கும் முத்திரை.”

பிச்சையா சொல்லிக்கொண்டே மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது போலிருந்தது. “ஏ அண்ணாச்சி, நான் மோந்தே பாக்கலியே!”

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை எடுத்தார், காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், மென்றார். கோயில் காரியத்தில் அவர் ஒன்று சொன்னால் ஆலடித்தோப்பில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

“மோந்து பாத்துட்டுத் தன் சரக்குன்னு சொல்லியிருந்தா உரிமை போயிரும்” என்றார். “மோந்து பாக்காமச் சொன்னது மடத்தனம். மடத்தனத்துக்கு உரிமை போவாது. அப்படிப் போவும்னா ஊர்ல எவனுக்கும் ஒரு உரிமையும் மிஞ்சாது. எழுதுங்க சார்.”

மாடக்கண்ணு கடைசிக் கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அதன்பின் கடிதம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கைப்பற்றியது பச்சைக் கேன் அல்ல என்று பிச்சையா எழுதச் சொன்னார். எந்தக் கேன் அல்ல என்று நாம் சொல்ல வேண்டியதில்லை என்று விளக்கி, வெள்ளைக் கேன் மாட்டுக் கழனி என்பதோடு நிறுத்தினேன். ‘மேற்படி திரவத்தை முகர்ந்து பார்க்க எனக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை’ என்ற வரியை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ‘அளித்திருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பேன்’ என்று சேர்க்கச் சொன்னபோது வாசலில் ஹாரன் ஒருமுறை கேட்டது. சேர்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டார். நீட்டி, தகப்பனார் பெயரோடு.

உறைக்குள் மடித்து வைத்து, மூக்கம்மாள் கொடுத்த சோற்றுப் பருக்கையைத் தேய்க்கப் போனேன்.

“சார், எல்லாத்தையும் எழுதினீங்க. அந்த மனிதர் அருந்தத் தகுதியற்றதுக்கு என்ன எழுதினீங்க?” என்றார் மூக்கம்மாள்.

“அதுக்கு என்னம்மா? அதுதான் இப்போ உங்க வீட்டுக்காரர் சரக்கைச் சொல்லலையே” என்றேன்.

“என் கழனியச் சொல்லுதுல்லா? புளிச்சுக் கெட்டுப்போனதுன்னு போட்டிருக்கு. நான் கெட்டுப்போனத மாட்டுக்கு வைப்பனா? அதே மாதிரிக் கழனியக் குடிச்சுத்தான் செவலை அந்தச் சீசன் முழுக்க வேளைக்கு நாலு லிட்டரு கறந்தா. தெருவே அந்தப் பால வாங்கிக் குடிச்சது. கேளுங்க, அண்ணாச்சி வீட்டுக்கும்தான் ஊத்தினேன்.”

“ஊத்தினா. நல்ல திக்கு” என்றார் ஆவுடையப்பன்.

“மனுசனுக்கு ஆகாதுன்னா ஆகாதுதான். மாட்டுக்கு ஆகும்னு எழுதுங்க. எழுதாம ஒட்டாதீங்க.”

இதெல்லாம் எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிங்கேஸ்வரன் மழைக்கோட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். “அத்தை, இன்னொருக்கச் சொல்லுங்க. சார், அதான் பாயிண்டு! அவங்க ரிப்போர்ட்டே நம்ம சாட்சி! மனுசன் குடிக்கதுக்கு வச்சதில்லன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க!”

“உனக்குப் பாயிண்டு. எனக்குக் கழனி” என்றார் மூக்கம்மாள்.

பிச்சையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, “எழுதிருங்க சார். அவ வைக்குத கழனியில குத்தம் சொல்ல முடியாது” என்றார்.

காகிதத்தை மறுபடி பிரித்து, கையெழுத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் எழுதினேன்: ‘மேற்படி திரவம் மனிதர் அருந்தத் தகுதியற்றது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அது மாடு அருந்தத் தகுதியானது. நல்ல நிலையில் இருந்தது. என் மனைவி மூக்கம்மாள் தயாரித்தது.’

வாசித்துக் காட்டினேன். மூக்கம்மாள் தன் பெயர் வந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, பருக்கையைத் தானே நசுக்கி உறையின் ஓரம் முழுக்கத் தேய்த்து ஒட்டினார். ஒட்டியதை அரிவாள்மனைப் பலகையால் அழுத்திப் பிடித்தார்.

பிளாஸ்டிக் பைக்குள் உறையைப் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பிச்சையாவும் நானும் பன்னிரண்டரை மினிபஸ்ஸில் தென்காசிக்குப் போனோம். தபால் ஆபீஸில் கூட்டம் இல்லை. ஸ்பீடு போஸ்டு எழுதுகிற பெண் உறையை எடைபோட்டு, திருப்பி, ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்திருந்த பருக்கையை நகத்தால் சுரண்டிவிட்டு முத்திரையை ஓங்கி அடித்தார்.